இரண்டாம் வரிசை

அச்சுவேலிக் கிணற்றுத் தண்ணியை
சோடாப் போத்தலில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
ஆறாம் நாள் தாள் வந்தது:
போரன், அளவுக்கு மிஞ்சி.

துளியும் இல்லாவிட்டால் பூ பிஞ்சாகாது.
துளி கூடினால்
இலை தன் விளிம்பிலிருந்து எரியும்.
குடித்த தண்ணியெல்லாம் வெயிலுக்குப் போக
போகத் தெரியாதது நுனியில் தங்கும்.

கிணற்றை மாற்ற ஏலாது.
அடியில் சுண்ணக்கல், அதற்கடியில் கடல்.

மில்லில் உமி எரித்த சாம்பலைச்
சும்மா அள்ளிப்போகச் சொன்னார் யோகநாயகம்.
இரண்டாம் வரிசைக்கு மட்டும் போட்டேன்.
முதலாவதை வேண்டுமென்றே விட்டேன்;
அந்தக் கொடிகளிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

சாம்பலுக்குள் சிலிக்கன்.
நெல்லுமிக்குச் சுணை கொடுத்த அதே மணற்சத்து
இப்போது வெள்ளரி வேரில் கரைந்து ஏறி
கலச்சுவரில் கண்ணாடியாய்ப் படிகிறது.
நஞ்சைத் துரத்தவில்லை.
வாசலை ஒடுக்கிவிட்டு,
உள்ளே வந்துவிட்டதோடு
எப்படியோ குடித்தனம் நடத்துகிறது.

இன்று காலை தடவிப் பார்த்தேன்.
இரண்டாம் வரிசை இலை
பூனை நாக்குப்போல் சொரசொரத்தது.
நுனி கருகித்தான் இருக்கிறது,
ஒரு நகக்கண் அளவு.

பம்பைப் போட்டேன்.
அதே தண்ணி.