பதினேழாம் எண்

நவம்பர். இரவு இரண்டரைக்குத்தான்
அவர்களுக்கு முறை கிடைத்தது.
இந்த மொராவிய மலையடியில் ஊர் நான்கு,
வடிசாலை ஒன்று.
பிளம் புளிக்கவைத்தவர்கள் எல்லோரும்
சீட்டு வாங்கிக் காத்திருக்க வேண்டும்.

ராதோமில் ஒரு காரில் வந்தான்.
லியோனா இன்னொன்றில்.
பீப்பாய் மட்டும் ஒன்று.

படிவத்தில் ஒரு கட்டம்: ஒரே குடும்பமா?
அவன் பேனாவை அவளிடம் நீட்டினான்.
அவள் என்னிடம் நீட்டினாள்.
வெள்ளிக்கிழமை தீர்ப்பாம். இன்று புதன்.
"இன்றைக்கு ஆம்தானே" என்று
நானே கோடு போட்டேன்.

செம்புப் பானைக்குள் கூழைச் சரித்தோம்.
காம்பு, கொட்டை, செத்த குளவி,
செப்டம்பர் முழுக்க ஆளுக்கொரு மரமாய்ப்
பேசாமல் பொறுக்கியது
எல்லாம் ஒரே சேற்று ஊதாவில்.

நெருப்புக்குக் கோபம் ஆகாது.
அவசரப்படுத்தினால் கூழ் பொங்கிக் குழாயேறும்,
எதுவும் எதிலிருந்தும் பிரியாது.
எழுபத்தெட்டில் சாராயம் எழுந்துகொள்ளும்,
தண்ணீர் நூறு வரை உட்கார்ந்திருக்கும்
என்று பள்ளியில் எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள்.
கலந்து கிடந்தவை அப்படி எழுவதில்லை.
முன்னே கிளம்புகிறவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு
பின்னே வரவேண்டியவளும் கொஞ்சம் வந்துவிடுகிறாள்.
அதனால்தான் இரண்டு தடவை காய்ச்சுவது.

முதல் தடவை வந்தது மங்கல்.
அதையே திரும்ப வாலையில் ஊற்றினேன்.
இப்போது தலை சொட்டியது:
நகச்சாயம் அழிக்கும் வாடை, கண்ணில் எரிச்சல்.
லியோனா முகர்ந்துவிட்டு,
"எங்கள் முதல் வருஷம்" என்றாள்.
ராதோமில் சிரித்துவிட்டான்.
சிரித்துவிட்டோமே என்று
அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.
அதைத் தனி வாளியில் பிடித்தேன்.
முழங்காலுக்குத் தேய்க்கக் கேட்பவர்கள் உண்டு.

தலை முடிந்து நெஞ்சு தொடங்குமிடத்தை
எந்தக் கருவியும் எனக்குச் சொன்னதில்லை.
மிதவைமானி எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான்.
உள்ளங்கையில் இரண்டு சொட்டு தேய்த்தேன்:
கொட்டையின் பாதாம் கசப்பு, பழத்தோல், ஈரப்புல்.
பாத்திரத்தை மாற்றினேன்.
நூல்போல வந்தது, அறுபடாமல்.

மூன்று பேரும் அந்த நூலையே பார்த்திருந்தோம்.
சும்மா இருக்க முடியாமல் நான் பேசினேன்.
முன்பு ப்ர்னோவில், ஆய்வுக்கூடத்தில்,
என்னைவிட உயரமான கண்ணாடிக் கோபுரம்.
எத்தனை தட்டு அடுக்கினாலும்
நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தரையில் நின்றுவிடும்.
மிச்சத் தண்ணீர் சாராயத்தோடேயே கொதிக்கும்,
அதோடேயே குளிரும்.
வெறும் நெருப்புக்கு அது பிரியாது.

"பிறகு எப்படித்தான் பிரிப்பது?" ராதோமில்.
"மூன்றாவதாக ஒன்றை உள்ளே விடவேண்டும்."
"விட்டுப் பார்த்தாயிற்று" என்றாள் லியோனா.
அவன் காது சிவந்தது.
அடுப்புச் சூடாகவும் இருக்கலாம்.

விடியும்போது வால் தொடங்கியது,
நனைந்த அட்டை, ஈரக் கம்பளி.
பலர் இந்த இடத்தில் இன்னும் ஒரு லிட்டர் என்று கெஞ்சுவார்கள்.
இவர்கள் ஒரே மூச்சில் "போதும்" என்றார்கள்.

நெஞ்சில் ஊற்றுநீர் கலந்து ஐம்பதுக்கு இறக்கினேன்.
"இராத்திரி முழுக்க விரட்டியதையே திரும்பவுமா?" என்றான்.
"குடிக்க வேண்டுமே" என்றேன்.

அரை லிட்டர்ப் புட்டிகள் முப்பத்தொன்று.
பதினைந்து, பதினைந்து.
ஒற்றைப் புட்டியை
அவன் அவள் பெட்டிக்குள் வைத்தான்,
அவள் எடுத்து அவன் பெட்டிக்குள்.
மூன்று முறை.
பதினெட்டாம் எண்காரர் வெளியே ஹாரன் அடித்தார்.
கடைசியில் அது என் ஜன்னல் விளிம்பில் நின்றது.
பானையைக் கழுவினேன். அடியில் கொட்டைகள் கலகலத்தன.

ஜனவரியில், பனி முட்டளவு இருந்த ஒரு நாள்,
இருவரில் ஒருவர் அதைக் கேட்டு வந்தார்.
யார் என்று சொல்லமாட்டேன்.
மூடியைத் திறந்தார், முகர்ந்தார்,
ஒரு சொட்டும் குடிக்காமல்
இறுக்கி மூடி
கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார்.