ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக்கும் நடுவே

முதலில் அதை ஒழிக்கத்தான் பார்த்தோம்.

கடலூர் முதுநகர், ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்தெரு,
மாடியில் தகரக் கூரை அறை.
சுவரெல்லாம் முட்டை அட்டை,
மெர்லின் வீட்டு இலவம்பஞ்சு மெத்தை இரண்டு.
மைக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும்
அடியில் ஒரு ம்ம்ம்,
வாயைத் திறக்காமல் யாரோ
எல்லாவற்றுக்கும் சம்மதிப்பது போல.

கலியவரதன் ஒயரை மாற்றினான்.
எர்த்துக்குக் குழி வெட்டி
உப்பும் கரியும் கொட்டினான்.
பகலில் அந்த ஃபேக்டரியில் கம்ப்ரஸர் பார்ப்பவன்,
சத்தத்தைப் பெயர் சொல்லித் திட்டத் தெரியும்.
நான் ஃபில்டர் போட்டு அலையை அறுத்தேன்.
ம்ம்ம் போனது.
கூடவே மெர்லினின் நெஞ்சும் போனது.
மிஞ்சியது
தொண்டைக்கு மேலே மட்டும் ஆள் இருக்கிற ஒரு குரல்.

ஒரு ராத்திரி வேறு வேலை இல்லாமல்
ட்யூனரை அந்த ம்ம்ம்-க்குக் காட்டினேன்.
முள் ஐந்து கட்டையைத் தாண்டி நின்றது.
ஐந்தரையைத் தொடவில்லை.
வெள்ளைக் கட்டைக்கும் கறுப்புக்கும் இடையில்
பிஸ்கட் தூள் சேர்கிற சந்து.

"அப்ப நாம அங்க குடி போயிடலாம்" என்றாள் மெர்லின்,
பரோட்டாவைப் பிய்த்தபடி.

எட்டுப் பாட்டையும் பிரித்தோம்.
பேஸ், கைத்தட்டல்,
கெடிலம் பாலத்து இணைப்பில் பஸ் ஏறும் தடக்,
எல்லாவற்றையும் முப்பத்தைந்து சென்ட் உயர்த்தினோம்.
முப்பத்தைந்து சென்ட்டா, எங்கே,
சிப்காட் பக்கமா, தண்ணி எப்படி
என்றான் கலி, முகத்தை மாற்றாமல்.

பாடுகிறவளுக்குத்தான் பாடு.
ஞாயிற்றுக்கிழமை கோயில் கீபோர்டு சொல்லும் ஐந்து,
திங்கட்கிழமை ஈபி சொல்லும் ஐந்து.
ஒருநாள் ஆமென் சற்றே உயர்ந்து நிற்க
ஃபாதர் திரும்பிப் பார்த்தாராம்.

புயல் வாரத்தில் ஏழாம் பாட்டின் ஃபைல் கெட்டது.
மறுபடி செய்தோம்.
அது இது இல்லை.
அதைப் பற்றி மூவரும் பேசுவதில்லை.

அட்டைப்படத்துக்குத் தெருமுனை ட்ரான்ஸ்ஃபார்மர்,
அதில் தொங்கும் மண்டையோட்டுப் பலகை.
துருவேறி, பல்வலிக்காரன் போலச் சிரித்தது.
படிவம் கேட்டது, வகை?
எலக்ட்ரானிக் பாப்.
மொழி? தமிழ்.
மனநிலை?
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
காலியாக விடக்கூடாது என்று சிவப்பில் வந்தது.
"பரவாயில்லை" என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

வெளியீடு வெள்ளி நள்ளிரவு.
பதினொன்று ஐம்பதுக்கு டமார்.
அட்டைப்படத்தில் இருக்கிற அதே ஆள்.

டவரும் படுத்தது.
உலகத்துக்கெல்லாம் பாட்டு வந்துவிட்டது,
எங்கள் தெருவைத் தவிர.
அந்தத் தெருவுக்குள் அப்படி ஓர் இல்லாமையை
நாங்கள் கேட்டதில்லை.
கொசு. துறைமுகத்தில் ஒரு விசைப்படகு இருமியது.
அப்புறம் அதுவும் இல்லை.

மூன்று மணிக்கு, தூக்கம் வராமல்,
மெர்லின் மூன்றாம் பாட்டை எடுத்தாள்
பிடித்துக்கொள்ள எதுவுமில்லாத இருட்டில்.
சரியாகப் பாடுகிறாள் என்றே நினைத்தோம்.

பாதியில் கீழ்வீட்டு ஃபிரிட்ஜ் உதறி எழுந்தது.
பின்னாலேயே ஃபேக்டரி.
அவள் ஒரு நூல் கீழே இருந்தாள்.
நிறுத்தவில்லை.
நகரத் தொடங்கிவிட்ட பஸ்ஸில்
கம்பியைப் பிடித்து ஏறுகிற மாதிரி
ஏறிக்கொண்டாள்.

காலையில் பார்த்தால் பதினான்கு பேர் கேட்டிருந்தார்கள்.
ஒருவர் நெய்வேலி.
கரண்ட்டே அங்கேயிருந்துதான் வருது என்றான் கலி.
சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான்.

மதியம் கம்பெனியிலிருந்து மெயில்:
தடம் மூன்றில் மின் இரைச்சல் உள்ளது,
நீக்கி மீண்டும் அனுப்பவும்.

இன்னும் பதில் போடவில்லை.
மெர்லின் கேட்கிறாள்,
மூன்றில் மட்டுமா?