முப்பத்துநாலாம் பக்கம்

கொட்பே ஐஸ் ஆலைக்குப்
புதிதாய் ஒரு கையேடு எழுதச் சொன்னார்கள்,
தமிழில், வேலை செய்பவருக்கு விளங்கும்படி.

முதல் தகராறே முதல் பக்கத்தில்.
"அறிமுகம் வேணும்" என்றார் யூட் நிறஞ்சன்.
"எது எங்க போகுது எண்டு தெரியாமல்
வால்வில கை வைக்கிறவன்
கண்ணைக் கட்டிக்கொண்டு
மூதூர் லோஞ்சில ஏறினவன்."

நான் சொன்னேன்:
ராத்திரி இரண்டு மணிக்கு
அமோனியா மணக்கும்போது
எவரும் பாயிரம் படிப்பதில்லை.
மூக்கைப் பொத்திக்கொண்டு தாள் புரட்டுகிறவருக்கு
எந்தப் பிடி, எந்தப் பக்கம் திருக,
அவ்வளவுதான்.

இருந்தாலும் மூன்று அறிமுகம் எழுதிப் பார்த்தேன்.
ஒன்று கம்பனியின் குரலில் வந்தது,
வாழ்த்தும் நன்றியுமாய். கிழித்தேன்.
மற்றது 'குளிர் என்பது யாதெனில்' என்று தொடங்க
எனக்கே கொட்டாவி.
மூன்றாவது நன்றாயிருந்தது.
அதனால்தான் அதை நம்பவில்லை.

பழைய கையேட்டைத் தேடிப் போனேன்.
கொம்பிறசருக்குப் பின்னால்
ஆணியில் சணல் கயிற்றோடு
கருவாடு போலத் தொங்கிற்று.
முதல் பதினொரு பக்கமும் அறிமுகம்,
வந்த அன்றைய வெள்ளை,
ஒரு விரலும் பட்டதில்லை.
முப்பத்துநாலில் கிறீஸ் கறுப்பு,
ஓரம் தேய்ந்து துணி மாதிரி.

வென்றுவிட்டேன்.
யூட்டுக்கு அனுப்பப் படம் எடுக்கலாமென்று
வெளிச்சத்துக்குத் திருப்பினால்
ஓரத்தில் பென்சில் கோடு.
ஒரு பெட்டி. ஒரு அம்புக்குறி.
கூரையில் தண்ணீர் சிந்தும் சுருள் குழாய்,
பிறகு உப்புத்தண்ணித் தொட்டி,
மறுபடி பெட்டி.
அடியில் மூன்று வளைவு, கடலாம்.
தொட்டிக்குப் போகும் குழாயருகே ஒரு புள்ளி:
'நாம நிக்கிறது இதில.'

யாருடைய கை என்று முஸம்மிலைக் கேட்டேன்.
"நான் வரக்குள்ளயே இருந்திச்சு, மிஸ்.
அழிஞ்சா மேலால கீறி விடுவம்."

படம் எடுக்கவில்லை.

பதினொரு பக்கத்தையும் நீக்கினேன்.
முப்பத்துநாலு இருபத்துமூன்றாயிற்று.
அந்தப் பெட்டியையும் புள்ளியையும் கடலையும்
முன்னால் கொண்டுபோகாமல்
அதே படியருகே, அதே ஓரத்தில் வைத்தேன்.

யூட் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.
"புதுசா வாறவன்
அவ்வளவு தூரம் எப்பிடி வருவான்?"

நியாயமான கேள்விதான்.
படகுகள் ஐஸுக்கு வரிசையில் நிற்கின்றன,
அச்சகத்துக்கு நாளைக்குள் கொடுக்க வேண்டும்.
இப்போதைக்கு உள்ளட்டையில் ஒரே ஒரு வரி:
பென்சில் ஒன்று கையில் வைத்திருக்கவும்.