நாலாவது முனை

கொருக்குப்பேட்டை கேட் மூடினால்
லேத்தை நிறுத்திவிடுவேன்.
கூட்ஸ் போகிற அதிர்வில்
கட்டை ஒரு மயிரளவு அசைந்தாலும் போச்சு.

அன்றைக்கு நிறுத்தவில்லை.

மேப்பிளில் நாலு பள்ளம்.
பள்ளத்துக்குள் பச்சைச் சீவல், அதன்மேல் சிவப்பு,
நடுவே கருங்காலி ஆப்பு.
பசை காய்ந்து கடைந்து பார்த்தால்
மூன்று கூர்முனையும் ஒரே உயரம்.
நாலாவது மட்டும்
ரேஷன் கியூவில் எட்டிப் பார்க்கிற ஆள்போல
அரை நூல் மேலே.

நானூறு ரூபாய் குறைத்துத்தான் கொடுத்தேன்
லோகோவில் வேலைபார்க்கும் டெரன்ஸுக்கு.

ஆறு மாசம் கழித்து வெறுங்கையோடு வந்தான்.
கிளப்பில் யாரோ தூக்கிவிட்டார்களாம்.
"அதேமாதிரி இன்னொண்ணு, நசீமாக்கா.
அந்த நெட்டை முனை மேல் பக்கம் இருந்தாத்தான்
எனக்குப் பந்தே தெரியுது."

இரண்டு கட்டை பாழ்.
அளந்து அளந்து தவறப் பார்த்தேன்.
ஒன்றில் முனை ஒரு நூல் ஏறிப்போனது,
இன்னொன்றில் நாலும் சமமாக வந்து நின்றன,
என்னைக் கேலி செய்கிற அழகில்.

மூன்றாவதை மாட்டிவிட்டு
லேத்தை ஓடவிட்டு
கேட் மணிக்குக் காது கொடுத்து நிற்கிறேன்.

இன்றைக்குப் பார்த்து
கூட்ஸ் லேட்.