பதினாலு ரவை

கறியில் கை வைக்கும் முன்
கணக்கைக் கேட்டுக்கொள்வேன்.
"எத்தனை போட்டே?"
"பதினாலு."
சிக்கமாதன் பொய் சொல்லாத கணக்கு
இது ஒன்றுதான்.

போன மாசியில் என் தம்பியின் கடைவாய்ப்பல்
ஒரு சைக்கிள் பால்ரஸைக் கடித்து இரண்டாய்ப் போனது.
அதிலிருந்து இந்த வழக்கம்.

உரிகத்துக்கு மேலே, யானை அகழி தாண்டி
எங்கள் ராகிக்கு வந்த பன்றி.
மூன்று பேர் போனார்கள்.
இரண்டு பேர் கழியில் கட்டித் தூக்கி வந்தார்கள்.
"கெம்பனுக்குக் காலில் முள். வீட்டுக்குப் போயிட்டான்."
நான் மேலே கேட்கவில்லை.
பன்றி பெரிசு,
விடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

பாறை இடுக்கில் வைத்து
ராகித்தாளில் மயிர் பொசுக்கினோம்.
தகரத்தால் சுரண்டச் சுரண்ட
கறுப்பு உரிந்து பழுப்பு,
பழுப்பு உரிந்து வெளுப்பு.
மஞ்சள் தேய்த்ததும் அது
கல்யாண வீட்டுக்குக் கிளம்பியது போல் இருந்தது.

ரவையை விரலால்தான் தேட வேண்டும்.
கத்தி எலும்பையும் இரும்பையும்
ஒரே மாதிரி சொல்லும்.

ஒன்று தோள்பட்டையில்.
இரண்டும் மூன்றும் விலாவில், ஒட்டிப் பிறந்ததுபோல.
ஐந்து கொழுப்பில் வழுக்கி
மூன்று முறை என்னை ஏமாற்றியது.
எட்டைச் சுற்றிக் கறி கன்றி நீலமாயிருந்தது;
அந்தத் துண்டை நாய்க்கும் போடாமல் புதைத்தேன்.
எவர்சில்வர் டம்ளரில் விழுகிற ஒவ்வொன்றுக்கும்
தொட்டிலில் பிள்ளை ஒரு தரம் திரும்பிப் படுத்தது.

பதினொன்று.
குலுக்கிப் பார்த்தேன். பதினொன்றுதான்.
குடலைக் கழுவி, மறுபடி கழுவி,
ஈரலை விரல்களுக்கிடையே பிதுக்கி,
பதினொன்று.

"மூணும் மரத்துல ஏறியிருக்கும்" என்றான்
படுத்தபடியே.

குக்கர் ஆகாது.
பத்து விசில் அடித்தால்
பாரஸ்ட் வாட்சர் ஏழாவதுக்கே வந்துவிடுவார்.
மண்சட்டி, மேலே தட்டு, தட்டின் மேல் அம்மிக்குழவி.
சின்ன வெங்காயம், கொத்தமல்லி, மிளகு கொஞ்சம் கூட.
சட்டிக்குள் கொதிக்கிறதை மறைக்க
வாசலில் கருவாடு சுட்டேன்.
கருவாட்டுக்கு யாரும் கேஸ் போடுவதில்லை.

காட்டுப்பன்றி அவசரத்துக்கு வேகாது.
அது ஓடின தூரமெல்லாம்
சதையில் முறுக்கிக் கிடக்கும்.

உச்சிவெயிலில் பைரம்மா வந்தாள்.
பங்குக்கு வருகிறாள் என்று கரண்டியை எடுத்தேன்.
அவள் கையில் கிண்ணம் இல்லை.
முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
இரண்டு ரவை.
துடைத்திருந்தாள். துடைத்தும் இருந்தது.

"ஊக்கால நானே எடுத்தேன் அக்கா.
மூணாவது எலும்பை ஒட்டி இருக்கு, வரமாட்டேங்குது.
தேன்கனிக்கோட்டை ஆஸ்பத்திரியில
பைக்கிலிருந்து விழுந்தான்னு சொல்லலாமா?"

சிக்கமாதன் எழுந்து உட்கார்ந்தான்.
கண் மின்னாமல் சுடமாட்டான்,
சலசலப்பைக் கேட்டுச் சுடமாட்டான்,
குடித்த இரவில் துப்பாக்கியைத் தொடமாட்டான்.
எல்லாம் சரி.
எதிரே நின்றது பன்றிதான்.
பன்றிக்குப் பின்னால்
ராகித்தாள் மறைவில்
கெம்பன் பீடியைப் பற்றவைக்காமல்
உத்தரவுக்குக் கட்டுப்பட்டு
இருட்டாகவே இருந்திருக்கிறான்.

"முள்ளுன்னுதான் சொன்னான்" என்றான்,
என்னிடமா பைரம்மாவிடமா தெரியவில்லை.

டம்ளரை அவள் கையில் கொடுத்தேன்.
"இதையும் கொண்டு போ.
எதுல பட்டதுன்னு டாக்டர் கேட்டா இதைக் காட்டு.
எத்தனைன்னு கேட்டா
பதினாலுன்னு சொல்லு."

"கேஸ் ஆகுமே அக்கா."
"ஆகும்."

சிக்கமாதன் கொடியிலிருந்த சட்டையை எடுத்து மாட்டினான்.
பொத்தானை ஒரு துளை மாற்றிப் போட்டிருந்தான்.
நான் சொல்லவில்லை.
வண்டிச் சாவியைத் தேடினான்,
அது அவன் கையிலேயே இருந்தது.

அவர்கள் போன பிறகு
குழவியை இறக்கி, தட்டை நகர்த்தி
ஒரு துண்டை அழுத்திப் பார்த்தேன்.
இன்னும் விறைப்பாகத்தான் இருந்தது.
விறகை இழுத்துவிட்டேன்.