சாக்கின் அடி

செவ்வாய், வியாழன், சனி.
திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியில்
நாலு மணித்தியாலம் அவருடைய இரத்தம்
வெளியே உலாத்திவிட்டு வரும்.
நான் வாங்கில் இருந்து
சுவரில் பெயின்ட் உரிந்த இடங்களை எண்ணுவேன்.

போன மாதம் தம்பலகாமத்துக்கு
ஒரு பிள்ளை வந்தாள். ஷிப்னா, ஊர் கிண்ணியா.
கையில் சிப் பூட்டிய சின்னப் பைகள்.
கிணற்றுத் தண்ணீர்தான் கேட்பாள் என்று
வாளியை இறக்கினேன்.
"அரிசிச் சாக்கைக் காட்டுவீங்களா, அக்கா?"

பழைய உரபேக்கை அவிழ்த்தேன்.
மேலால் அள்ளவில்லை அவள்.
முழங்கை மட்டும் கையை விட்டு
அடியிலிருந்து ஒரு பிடி.
வெளிச்சத்தில் பிடித்தாள்:
பச்சையுமில்லை, சாம்பலுமில்லை,
ஒரு மங்கல்.
செத்தல் மிளகாயின் காம்படியிலும் அது.
உடைத்த கச்சானுக்குள்ளும்.

"கழுவி வெயிலில் போட்டால் போயிடும்."
கேட்கவில்லை, சொன்னேன்.
இருபது வருசம் அப்படித்தான் உலை வைத்தேன்.
"பூஞ்சணம் போகும் அக்கா.
அது விட்ட நஞ்சு கிடக்கும்.
அவிச்சாலும் சாகாது."

அதுதானா இவருக்கு, என்றேன்.
தெரியாது என்றாள்.
தண்ணீராயும் இருக்கலாம், வயல் மருந்தாயும்,
வெக்கையாயும், எல்லாம் சேர்ந்தும்.
பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

நல்ல நெல்லை மில்காரர் எடுப்பார்.
மாரி வெள்ளத்தில் நனைந்த ஆறு சாக்கு
எங்களுக்கு.
கறுத்ததைப் புடைத்துத் தள்ளி
மிச்சத்தை வடித்துக் கொட்டி,
வயலுக்குப் போகிற உடம்பு என்று
அவருக்கு மட்டும்
ரெண்டு அகப்பை கூடப் போட்டவள் நான்.

"கோழிக்குப் போடலாமா?"
சொண்டைக் கடித்து யோசித்தாள்.
"வேணாம்."

வாழைக்குப் பின்னால் குழி வெட்டினேன்.
அரிசியை மண்ணில் கொட்டக்
கை பழகவில்லை.
முதலில் பேணியால், பிறகு சுளகால்,
கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு சாக்கோடு.
கோழிகள் கிளறாதபடி
கல்லும் ஏற்றினேன்.

இரவு, கடையில் வாங்கிய ஒரு கிலோவை
லைட்டுக்குக் கீழே பரப்பி
மணி மணியாய்ப் பார்த்தேன்.
வெள்ளையாய்த்தான் இருந்தது.
எந்தச் சாக்கின் எந்த இடமோ.

"மங்களேஸ், பசிக்குது" என்று
உள்ளே இருந்து அவர் குரல்.
அகப்பையை எடுத்தேன்.
எவ்வளவு போடுவதென்று
தெரியாமல் நின்றேன்.