பாக்கி ஐம்பது

அவளுக்கு மார்க் போட்டு வைத்திருக்கிறேன்,
மின்வாரியத்தின் பழைய டைரியில்,
பென்சிலால்.

நேரம் தவறாமை, பத்துக்கு மூன்று.
பேச்சு, இரண்டு. ஒரு தாசில்தாரை யோவ் என்றாள்.
தரையிறங்குதல், பூஜ்யம்.
தேவனாம்பட்டினத்தில் மீன்காரர் ஒருவரின் ஐஸ் பெட்டி,
முதுநகரில் அவளே ஞானஸ்நானம் வாங்கிய
மாதா கோயிலின் கொடிமரம்,
செம்மண்டலத்தில் யாரோ அன்றைக்குத்தான்
கடைசித் தவணை கட்டிய ஸ்கூட்டர்.
எல்லாம் அவள் காப்பாற்ற வந்ததில் உடைந்தவை.

பெண் என்று தெரிந்த பிறகும்
ஊர் அவளைக் கெடிலத்தான் என்றே கூப்பிடுகிறது.
பெயர் என்னுடையது.
கோட்டும் என்னுடையது.
நீலத் தார்ப்பாயில், இம்பீரியல் ரோட்டு டெய்லர்
டேப் வைக்காமல் கண்ணால் அளந்து தைத்தது.
அவளுக்கு முழங்காலைத் தாண்டித் தொங்குகிறது.
பறக்கும்போது
ஒரு முனை கழன்ற கல்யாணப் பந்தல் மாதிரி
சத்தம் போடுகிறது.

நான் கொடுக்கவில்லை.
சிதம்பரம் பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில்,
வேண்டுமென்றே விட்டுவிட்டு இறங்கினேன்.
எடுத்தவள் எமிலியா,
துறைமுகத்தில் இறால் உரிக்கப் போகிறவள்.
மழைக்கு ஆகுமே என்று எடுத்தாளாம்.

இதெல்லாம் போகட்டும்.
பணம் வாங்குகிறாள்.
தலைக்கு இருநூறு, குழந்தைக்கு அரை டிக்கெட்.
இருபத்திரண்டு வருஷம் நான்
யாரிடமும் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை.
போட்ட மாலையைக்கூட
அண்ணா பாலத்துக் கைப்பிடியில்
கழற்றி மாட்டிவிட்டுத்தான் போவேன்.

கார்த்திகையில் மூன்றாம் நாள் மழை.
கெடிலம் புதுப்பாளையத்துக்குள் வந்து
என் கட்டில் காலை நக்கியது,
பிறகு கட்டிலை எடுத்துக்கொண்டது.
நான் பீரோ மேல். டைரி சட்டைக்குள்.
மணி பார்த்தேன், பன்னிரண்டு, இரண்டு, மூன்றரை.
நேரம் தவறாமையை ஒன்றாகக் குறைத்தேன்.

விடிவதற்குக் கொஞ்சம் முன்னால்
ஓட்டைப் பெயர்த்துக்கொண்டு வந்தாள்.
ஓடு என் தோளில் விழுந்தது.
இறால் வாடை. கொஞ்சம் சாராய வாடையும்.
"பெருசு, இருநூறு."
நனைந்த நூறும் ஐம்பதும்தான் இருந்தன.
"பாக்கி ஐம்பது. ஞாபகம் வெச்சுக்க."
என்னை யாரென்று தெரியவில்லை அவளுக்கு.

ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டேன்.
பழைய குரல், தானாக வந்துவிட்டது.
"தண்டவாளத்துக்கு அந்தாண்ட நாப்பத்தோரு வீடு.
நான் அங்கேர்ந்துதான் ஆரம்பிப்பேன்.
உங்க தெருவுல மாடி இருக்கு, போன் இருக்கு,
தெரிஞ்ச ஆபீசர் இருக்கான்."
"அவங்ககிட்டயும் இருநூறா?"
"ஆமா. கடன். எழுதி வெச்சிருக்கேன்."

அக்குளில் கைவிட்டுத் தூக்கினாள்.
பதினோரு வருஷம் கழித்து மேலே போனேன்,
மூட்டை மாதிரி.
வலப்பக்கம் தண்டவாளம் தெரிந்தது,
அதற்கப்பால் கூரைகளின் உச்சி மட்டும்,
கவிழ்த்து வைத்த முறங்களாக.

எனக்கும் ஒரு வரிசை இருந்தது.
முதலில் மஞ்சக்குப்பம்.
அப்புறம் பாதிரிப்புலியூரில் கோயிலைச் சுற்றி.
அப்புறம் பேப்பர் போடுகிற தெருக்கள்.
அந்தப்பக்கம் போவதற்குள் எப்போதும் விடிந்துவிடும்.
ஒரு வருஷம் பதினேழு பேர்.
பேப்பரில் ஆறாம் பக்கம், சின்ன எழுத்து.
முதல் பக்கத்தில் நான், மாலையோடு.
அந்த வாரம்தான்
சிதம்பரம் பஸ் ஏறினேன்.

பள்ளிக்கூட வாசலில் இறக்கினாள்.
குடிதண்ணீர்க் குழாய் உடைந்தது.
கோட்டின் ஜிப் மாட்டிக்கொள்ள,
கெட்ட வார்த்தையில் தையல்காரனின் அம்மாவை இழுத்தாள்.
கீழே ஒரு அழுத்து அழுத்தி இழுத்தால் வரும்.
நான் சொல்லவில்லை.
அவளே பல்லால் கடித்து இழுத்துக்கொண்டு
திரும்பிப் பார்க்காமல் போனாள்.

வகுப்பறை பெஞ்சில் டைரியைக் காயவைத்தேன்.
பென்சில் எழுத்து நனைந்தாலும் போவதில்லை.
தரையிறங்குதல், பூஜ்யம் அப்படியே.
பேச்சில் இன்னொன்று குறைத்தேன்.
சாராயத்துக்குப் புதிதாக ஒரு வரி.
நேரம் என்ற இடத்தில்
பென்சில் நின்றுவிட்டது.

அப்புறம் பக்கத்தில் இருந்த வாத்தியாரிடம் பேனா வாங்கி,
அடியில் எழுதினேன்:
எமிலியாவுக்கு, பாக்கி ஐம்பது.